தடுப்பூசிப் பெட்டியின் சர்வீஸை நான் மேனுவலில் போட்டது

போன வாரம் விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் பழைய கடையிலிருந்து சுகுமார் போன் செய்தான். நான் வேலையை விட்டு வந்த பிறகு அங்கே கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் அவன்தான். நாற்பது வயது ஆள், விஷயம் தெரிந்தவன்.

“அண்ணே, ஒரு ஸ்கூல்ல இருபது சிஸ்டம், எல்லாம் பழசு. காலையில ஆன் பண்ணா பிரேயர் முடிஞ்சு பசங்க வர்ற வரைக்கும் சுத்திக்கினே இருக்குது. உள்ள ஓடுற சர்வீஸ் எல்லாத்தையும் மேனுவல்ல போட்டுடலாமா?”

“எல்லாத்தையுமா?” என்றேன்.

“தேவைப்பட்டா அதுவே எழுந்து வரப் போவுது. அந்த வேலையில நீங்கதானே பெரிய ஆளு?”

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். எழுதினால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான், எழுத்திலும் அப்படித்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விழுப்புரத்தில் ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றும் கடையில் பதினோரு வருஷம். அப்புறம் யுபிஎஸ், அங்கிருந்து கம்ப்யூட்டர். படித்து வந்தவன் இல்லை. பெட்டியைத் திறந்து திறந்து வந்தவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித் திரையிலேயே படித்துக்கொண்டேன். தெரியாத வார்த்தையைப் பார்த்தபடி நோட்டில் வரைந்துகொண்டு வந்து யாரிடமாவது கேட்பேன்.

பெரும்பாலும் கேட்டது சாந்திநாதன் சாரிடம். கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் பொறுப்பு அவருக்கு. என்னைவிட எட்டு வயது சின்னவர், படித்தவர். செஞ்சிப் பக்கத்து ஜைனர் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். சாய்ந்த பிறகு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அதனால் எங்கள் கடையில் எந்த வேலையும் ஐந்து மணிக்கு மேல் நீளாது. கஸ்டமர் கெஞ்சினாலும் சரி, “காலையில வர்றேங்க” என்று கிளம்பிவிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. ஆளைப் பார்த்துப் பேச்சில் ‘ங்க’ கூடும். “ஏழுமலைங்க, இங்க வாங்க, இத இன்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க” என்றால் நான் அன்றைக்குச் சோறு தின்ன முடியாது.

அது கரன்ட் கட் காலம். ஒரு நாளைக்கு இத்தனை முறை போகும் என்று கணக்கே கிடையாது. எங்கள் ஊர் ஆபீஸ்களில் இருந்த யுபிஎஸ் பாட்டரிகள் ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிசயம். கரன்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணையும். வந்ததும் மறுபடி முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். ஒருமுறை எழ பத்து நிமிஷம் என்றால் பாதி நாள் அதற்கே போய்விடும். “ஸ்லோவா இருக்குது, வந்து பாருங்க” என்பதுதான் அந்த வருஷங்களில் எங்களுக்கு வந்த போன்களில் முக்கால்வாசி.

ஏன் ஸ்லோ என்று எனக்கு முதலில் காட்டியவர் சார்தான். விழுப்புரத்தில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸ். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மவுஸைத் தொடவில்லை. நான் தொடப் போனபோது, “அது எழுந்திரிக்கட்டும்” என்றார். ஒன்பது நிமிஷம். அதைத் தாளில் எழுதினார். பிறகு சர்வீஸ் பட்டியலைத் திறந்து காட்டினார். திரைக்குப் பின்னால், நம் கண்ணில் படாமல் வேலை பார்க்கும் சின்னச் சின்ன வேலையாட்கள் அந்த சர்வீஸ்கள். பிரின்டரைப் பார்த்துக்கொள்ள ஒன்று, நேரத்தைச் சரிபார்க்க ஒன்று, இப்படி நூற்றுக்குக் கிட்ட. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆட்டோமேட்டிக்’ என்றோ ‘மேனுவல்’ என்றோ போட்டிருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் சுவிட்சைப் போட்டதுமே எழுந்து நிற்கும். மேனுவல் என்றால் வேறொரு புரோகிராம் கூப்பிடும்போதுதான் எழும்.

“இந்த ஆபீஸ்ல பேக்ஸ் மெஷின் இருக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“பேக்ஸ் சர்வீஸ் தெனம் காலையில எழுந்து நின்னுக்கினு இருக்குது பாருங்க. யாருக்காகக் காத்துக்கினு இருக்குது?”

அதை மேனுவலில் போட்டார். அணைத்தார், மறுபடி போட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அடுத்தது. ஒரு தடவைக்கு ஒன்றுதான். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று பக்கத்தில் குறித்தார். பெயர் புரியாத சர்வீஸ் வந்தால், அந்த மெஷினில் வேலை செய்பவரைக் கேட்க வேண்டும். அவருக்கும் தெரியாவிட்டால் தொடாமல் விட வேண்டும். இதுதான் முறை. சாயங்காலம் நான்கரைக்கு அந்த மெஷின் இரண்டேகால் நிமிஷத்தில் எழுந்தது. பத்திர எழுத்தர் எழுந்து நின்று சாருக்குக் கை கொடுத்தார்.

எனக்கு அந்த வேலையில் வெகுநாள் பயம் இருந்தது. ஒன்றை மேனுவலில் போட்டுவிட்டு, அவசரத்துக்கு அது எழாமல் போனால்? அதனால் பாதியைத் தொடாமலே விட்டுவிடுவேன். சார் சிரிப்பார்: “உங்க வயித்துக்குள்ள இருக்கிற பயம் பூரா ஆட்டோமேட்டிக், ஏழுமலை. எழுந்திரிக்கும்போதே கெளம்பிடுது.” என் வீட்டுக்காரியிடம் இதை ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

திண்டிவனத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக் எங்கள் கடையின் கஸ்டமர். ஒரே ஒரு டாக்டரம்மா. ரிசப்ஷனில் செல்வி சிஸ்டர். அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் டோக்கன், குழந்தைகளின் விவரம், எந்த ஊசி எந்தத் தேதியில் என்கிற கணக்கு எல்லாம். அது எழ பதினோரு நிமிஷம் எடுத்தது. கரன்ட் வந்துபோனால் இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். செல்வி சிஸ்டர் பேசும் பேச்சு வாசல்வரை கேட்கும்: “நான் இன்னாம்மா பண்றது, அது கண்ணத் தொறக்கணுமில்ல!”

ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போனேன். சாருக்கு வானூரில் வேறு வேலை. காலையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றி மதியத்துக்குள் நான்கு நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “அட, பரவால்லையே!” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தலைக்கு ஏறியது. மூன்று நிமிஷத்துக்குள் கொண்டுவந்து சாரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மிச்சம் இருந்ததில் நேரம் தின்றுகொண்டிருந்தது ஒரு சர்வீஸ். அது என்ன என்று எனக்குத் தெரியும். தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜுக்குள் ஒரு கம்பி போகும். அதன் நுனியில் வெப்பத்தை அளக்கும் முனை. அதை வாங்கிப் பதிவு செய்வது இந்த சர்வீஸ். சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் பஸ்ஸரை அடித்துக் கத்தும். திரையில் அதற்கென்று ஒரு சின்னப் படம். அதை அழுத்தினால் இப்போது எத்தனை டிகிரி என்று ஒரு ஜன்னல் திறக்கும்.

மேனுவலில் போட்டேன். அணைத்துப் போட்டேன். படத்தை அழுத்தினேன். ஜன்னல் திறந்தது, ஐந்து டிகிரி காட்டியது. சர்வீஸ் எழுந்துவிட்டது. என் புத்தி இருக்கிறதே, ஒருமுறை போதாது. மறுபடி அணைத்துப் போட்டு அழுத்தினேன். ஐந்து. மூன்றாவது முறை. ஐந்து. கூப்பிட்டால் வருகிறது என்று நோட்டில் எழுதினேன். கடைசியாக ஒருமுறை அணைத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு நிமிஷம் ஐம்பது வினாடி என்று அடிக்கோடிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வேலைக்கு வந்த காலத்திலிருந்து, செய்துவிட்டு வந்த வேலையை நினைத்துக் கவலைப்படாமல் நான் தூங்கியது அன்று ஒரு நாள்தான்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரை. விழுப்புரம் கடையில் ஒரு யுபிஎஸ்ஸைப் பிரித்து வைத்திருந்தேன். பழைய ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்த ஒருவர், “கரன்ட் போய் வந்தா இது தானா எடுக்க மாட்டேங்குது. பட்டனைப் போய் அமுக்கணும். யாரு அமுக்கறது?” என்றார்.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. கிளினிக் பிரிட்ஜின் ஸ்டெபிலைசரும் அதே ரகம். கரன்ட் போய் வந்தால் சில சமயம் அது பிடிக்காது; பிரிட்ஜ் சும்மாவே நிற்கும். சூடு ஏறி பஸ்ஸர் கத்தும். செல்வி சிஸ்டர் போய் பட்டனை அழுத்துவார். அந்த பஸ்ஸரை அடிக்க வேண்டிய சர்வீஸை நான் மேனுவலில் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அதை எழுப்பியது யார்? நான். மூன்று முறையும் ஜன்னலைத் திறந்தது நான். அதனால்தான் எழுந்தது. நான் கிளம்பி வந்த பிறகு அந்த ஜன்னலை யார் திறப்பார்கள்? யாருக்கு அதன் தேவை?

போன் செய்தேன். செல்வி சிஸ்டர்தான் எடுத்தார். பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

“ஏழுமலை அண்ணனா? நல்லா இருக்கணும் நீங்க! மெஷின் பறக்குது. அந்த பிரிட்ஜ் சனியனையும் நீங்கதானே சரி பண்ணீங்க? ரெண்டு நாளா கத்தவே இல்ல. காது நிம்மதியா இருக்குது.”

“சிஸ்டர், பிரிட்ஜுக்குப் பக்கத்துல ஸ்டெபிலைசர் இருக்குதில்ல, அதுல பச்சை விளக்கா, சிவப்பா, பாருங்க.”

போய்விட்டு வந்தார். குரல் மாறியிருந்தது. “சிவப்பு எரியுதுங்க.”

“உள்ள இருக்கிற தண்ணி பாட்டில் ஜில்லுன்னு இருக்குதா?”

“தொட்டுப் பாத்தேன், இல்லீங்க அண்ணா. டாக்டரம்மா உள்ள ஊசி போட்டுக்கினு இருக்காங்க.”

பிரிட்ஜின் உள்விளக்கு பீஸ் போய் எத்தனையோ மாதம். சூட்டைக் கம்ப்யூட்டரே எழுதுகிறது என்று கையால் எழுதும் பழக்கமும் நின்றுபோயிருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள அந்த ஒரு சர்வீஸைத் தவிர வேறு கண் கிடையாது.

திரும்பினேன். சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். ‘ங்க’ வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“மொதல்ல ஊசிய நிறுத்தச் சொல்லு. யாரு தப்புங்கறது அப்புறம்.” என்னிடம் அவர் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று சொன்னால் எல்லாரும் நம்பியிருப்பார்கள் என்கிற நினைப்பு, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக, எனக்கு வந்தது. அப்படிச் சொன்னால் டாக்டரம்மா இன்றைக்குக் காலைப் பிள்ளைகளை மட்டும்தான் எண்ணுவார். எப்போது நின்றது என்று பதிவில்லை. நான் போட்டது செவ்வாய். நேற்றைய பிள்ளைகளும் கணக்கில் வர வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டரம்மா லைனுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “செவ்வாய் மத்தியானத்துலருந்தா? நிச்சயமா?” என்று கேட்டார். “எப்ப நின்னுதுன்னு தெரியலைங்கம்மா. தெரியாம போனதுக்குக் காரணம் நான்தான்” என்றேன். “ஒடனே கெளம்பி வாங்க” என்று வைத்துவிட்டார்.

சாரின் பைக்கில் போனோம். டாக்டரம்மா பிரிட்ஜில் இருந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்திருந்தார். புது ஊசி நாளைக் காலையில்தான் வரும் என்றார். சூடு ஏறிய ஊசியால் குழந்தைக்குக் கெடுதல் வராது, ஆனால் நோயைத் தடுக்குமா என்று உறுதி சொல்ல முடியாது; திரும்பப் போட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார். செவ்வாய் மதியத்துக்குப் பிறகு ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் ஏழு. ஆறு வீட்டுக்கு டாக்டரம்மாவே போன் செய்து பேசினார். இரண்டு பேர் கத்தினார்கள். நான் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை.

ஏழாவது, பிரம்மதேசத்தைச் சேர்ந்த அஞ்சலை என்பவரின் பெண் குழந்தை. கொடுத்திருந்த நம்பர் அணைந்து கிடந்தது. செல்வி சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அவங்க பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறவங்க. நாளைக்குப் பொழுதோட கெளம்பறோம், அதான் முன்னாடியே ஊசி போட்டுக்கறோம்னு நேத்து சொன்னாங்க.”

போய்விட்டால் அந்தக் குழந்தையை எங்கே தேடுவது? பெங்களூரில் எந்தக் கட்டடம்? ஊசி போட்டாயிற்று என்று அட்டையில் எழுதியிருக்கும். அதைப் பார்க்கும் எந்த டாக்டரும் திரும்பப் போட மாட்டார்.

சார் வண்டிச் சாவியை எடுத்தார். மணி நான்கு ஆகியிருந்தது.

பிரம்மதேசத்தில் அவர்கள் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்த அம்மா, “இப்பத்தான் மூட்டையத் தூக்கிக்கினு ரோட்டுக்குப் போனாங்க. ஜல்தியாப் போனா புடிக்கலாம்” என்றார். பஸ் ஸ்டாப்பில் இருந்தார்கள். அஞ்சலை, மடியில் குழந்தை. பக்கத்தில் அவள் புருஷன் குமார், இரண்டு மூட்டை, ஒரு பாத்திரச் சாக்கு.

விஷயத்தைச் சொன்னேன். குமார் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“ஊசி போட்டது டாக்டரம்மா. நீ யாருய்யா?”

“கம்ப்யூட்டர் மெக்கானிக்குங்க.”

“கம்ப்யூட்டருக்கும் எங்க கொழந்தைக்கும் இன்னாய்யா சம்மந்தம்?”

சொல்ல ஆரம்பித்தேன். பிரிட்ஜைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு வேலையாள் மாதிரி ஒன்று இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டர் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, கூப்பிட்டால் எழுந்தால் போதும் என்று அதைத் தூங்க வைத்துவிட்டேன் என்றேன். பிரிட்ஜ் நின்றது, அதை யாரும் கூப்பிடவில்லை.

குமார் சொன்னான்: “சைட்டுல வாட்ச்மேனைப் படுத்துத் தூங்குடான்னு சொல்லிட்டு, திருடன் வந்தா எழுப்பறேன்னு சொன்ன மாதிரி இருக்குது. யாருய்யா எழுப்புவா? திருடனா?”

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வேலையில் இருந்த வருஷங்களில் என் தப்பை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

“தப்புதாங்க” என்றேன். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்தா புதுசு போட்டுடுவாங்க. ஒரே ஒரு நாள்.”

“ஒரு நாளா? மேஸ்திரி வேற ஆளைப் போட்டுக்கினு போயிடுவான். பெரிய பேஜாராப் போச்சு ஒங்களோட.”

பஸ் வந்துகொண்டிருந்தது. குமார் மூட்டையைத் தோளில் ஏற்றினான். அஞ்சலை எழுந்திருக்கவில்லை.

“எழுந்திரு புள்ள.”

“நீ போ” என்றாள். “நான் நாளைக்கு ஊசி போட்டுக்கினு பின்னாடியே வர்றேன்.”

“ஒண்டியாவா? கைக்கொழந்தைய வச்சிக்கினு?”

“ஒண்டியாத்தான். நீ அங்க போயி அந்த மேஸ்திரியைப் புடிச்சு வை.” பிறகு என்னைப் பார்த்தாள். “நாங்க ஒங்களைக் கூப்பிடலியே. நீங்களா வந்து சொல்றீங்க. போட்டது போட்டதுன்னு இருந்துட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

குமார் பாத்திரச் சாக்கை அவளிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினான். படியில் நின்றபடி என்னைப் பார்த்து, “காலையில அவளை பெங்களூரு பஸ் ஏத்திவிட வேண்டியது ஒன் பொறுப்பு” என்றான்.

சாக்கை அஞ்சலையின் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது வெயில் போய்விட்டிருந்தது. சார் மதியமும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி மறுநாள் காலைதான். “சார்…” என்று ஆரம்பித்தேன். “வண்டியில ஏறுங்க ஏழுமலை” என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் பிறகும் பேசியதில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே திண்டிவனம் போய், அந்த சர்வீஸை ஆட்டோமேட்டிக்கில் போட்டேன். கம்பியின் முனையை வெந்நீரில் வைத்து, பஸ்ஸர் கத்துகிறதா என்று பார்த்தேன். கத்தியது. ஜன்னலை யாரும் திறக்காமல், மெஷினை அணைத்துப் போட்டு மறுபடி வெந்நீரில் வைத்தேன். கத்தியது. செல்வி சிஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு, “கத்தட்டும் அண்ணா, கத்தட்டும்” என்றார். மெஷின் எழ மூன்று நிமிஷம் நாற்பது வினாடி ஆனது. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டேன்.

சுகுமார், உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒவ்வொரு சர்வீஸையும் பார்த்து, இதை யார் கூப்பிடுவார்கள் என்று கேள். கூப்பிட ஆள் இருந்தால் தூங்கட்டும். ஆள் இல்லை என்றால் தொடாதே, ஸ்கூல் பிள்ளைகள் ஒரு நிமிஷம் காத்திருக்கட்டும். சோதித்துப் பார்க்கும்போது நீயே அதை எழுப்பிவிட்டு, எழுந்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொள்ளாதே.

அஞ்சலை பத்து மணிக்குச் சொன்னபடி வந்தாள். குழந்தைக்கு ஊசி போட்டபோது அது வீல் என்று கத்தியது. டாக்டரம்மா அட்டையில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதினார். அடுத்த ஊசிக்கு நான்கு வாரம் கழித்துத் தேதி. நானும் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போய், பாத்திரச் சாக்கை ஏற்றி, சீட்டுப் பிடித்துக் கொடுத்தேன். குமாரின் மேஸ்திரி நம்பரை வாங்கிக்கொண்டேன்.

நான்கு வாரம் ஆவதற்கு மூன்று நாள் முன்பே போன் செய்தேன். மேஸ்திரி சத்தம் போட்டுக் கூப்பிட, கலவை மெஷின் இரைச்சலுக்கு நடுவே அஞ்சலை வந்து எடுத்தாள். அந்த ஊரிலேயே ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். முந்தின நாள் மறுபடி செய்தேன். ஊசி நாளன்று காலையிலும் செய்தேன்.

“ஏம்ப்பா, ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னுக்கினு இருக்கேன்,” என்றாள். “போனை வை.”